ஜியோட்டோவின் ‘கிறிஸ்து பிறப்பு’: மாதாவின் முகத்தில் இருப்பது துக்கமா?

வெண்சுண்ணம் (இழையைத் தொடங்கியவர்)

இத்தாலியின் பதுவை என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் அந்தோணியார்தான் நினைவுக்கு வருவார். அதே ஊரில் ஸ்க்ரோவேனி சிற்றாலயம் என்று ஒன்று இருக்கிறது. பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை 1300இல் வாங்கி, என்ரிகோ ஸ்க்ரோவேனி என்ற பணக்காரர் கட்டியது. அப்பா ரெஜினால்தோ வட்டிக்கு விட்டே பேர் கெட்டவர். கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் உட்கார வைத்திருக்கிறார், குடும்பச் சின்னமான பன்றி போட்ட பணப்பையைக் கழுத்தில் மாட்டி. மகன் கட்டிய கோவில் 1305 மார்ச் 25இல் வழிபாட்டுக்கென அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே சுவர் முழுக்க ஓவியர் ஜியோட்டோவின் ஃப்ரெஸ்கோ எனும் சுவரோவியங்கள்.

அதில் கிறிஸ்து பிறப்புக் காட்சியைப் பற்றித்தான் இந்த இழை. தென்சுவரில், நடு வரிசையில், பீடத்தை ஒட்டிய முதல் கட்டம். ஏறக்குறைய இரண்டு மீட்டர் சதுரம். ஒரு பாறைச் சரிவு, அதன் முன்னால் நாலு மரக்கால் மேல் ஒரு கூரை. கூரைக்குக் கீழே மரியா படுத்திருக்கிறார். மல்லாந்து அல்ல, இடுப்பிலிருந்து பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கைகளையும் குழந்தையை நோக்கி நீட்டியபடி. இடது ஓரத்தில் ஒரு பெண் குழந்தையைப் பிடித்திருக்கிறாள், சட்டம் அவளைப் பாதி வெட்டிவிடுகிறது. கீழே மாடும் கழுதையும். முன்னால் தரையில் யோசேப்பு தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் இரண்டு இடையர்கள், காலடியில் ஆடுகள், மேலே வானதூதர்கள்.

வழிகாட்டிப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் திரும்பத் திரும்ப வரும் விளக்கம் இது: “மகன் சிலுவையில் சாகப்போவது தாய்க்குத் தெரியும், அதனால்தான் அந்தப் பார்வையில் அவ்வளவு சோகம்.”

எனக்கு அந்த முகத்தில் சோகம் தெரியவில்லை. கவனம் தெரிகிறது. புருவம் நெறியவில்லை, வாய் கோணவில்லை. பெரிதாக்கிய படங்களில் பார்த்தால் கண் நேராகக் குழந்தையின் கண்ணுக்குப் போகிறது, குழந்தையும் அசையாமல் திருப்பிப் பார்க்கிறது. சோகம் இருக்கிறது என்றால் அது சுவரில் இருக்கிறது, முகத்தில் இல்லை என்பது என் கட்சி. ஓவியம் தெரிந்தவர்கள், பைபிள் தெரிந்தவர்கள், நேரில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


தூத்துக்குடிமுத்து

நல்ல இழை, நண்பரே. ஆனால் நான் மறுபக்கம்.

மாதாவின் ஏழு வியாகுலங்களை, அதாவது ஏழு துயரங்களை, சின்ன வயதிலிருந்து செபித்து வளர்ந்தவனுக்கு இந்தப் படத்தில் துக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. முகத்தை விடுங்கள், குழந்தையைப் பாருங்கள். தலை முதல் கால் வரை இறுக்கிச் சுற்றியிருக்கிறது, கையே வெளியே இல்லை. கல்லறைத் துணி அது. தீவனத் தொட்டியும் பல பழைய படங்களில் கல்பெட்டி போலவே இருக்கும். கீழைத் திருச்சபைப் படங்களில் அது பச்சையாகவே பிணப்பெட்டி வடிவம். பின்னால் இருக்கும் பாறையும் கல்லறைப் பாறைதான்.

இன்னொன்று, மாதாவின் மேலாடை. வழக்கமாக நீலம் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே வெளிறிப்போன வெண்மை. மாதாவே கோடித்துணி போர்த்திப் படுத்திருப்பது போல. ஓவியர் யோசிக்காமல் செய்திருப்பாரா?


கோடிவீட்டுக்காரன்

முத்து அண்ணே, முடிவு தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை சினிமா பார்க்கிறவன் முதல் காட்சியிலேயே அழுவான். அதற்கு இயக்குநர் பொறுப்பில்லை.

சிமியோன் என்ற முதியவர் மாதாவிடம் “உன் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும்” என்று சொன்னது கோவிலில், பிறந்து நாற்பது நாள் கழித்து. ஜியோட்டோவே அதை அதே சுவரில் இரண்டு கட்டம் தள்ளித்தான் வரைந்திருக்கிறார். பிறந்த அன்றைக்கே வாளைக் கொண்டுவந்து இறக்கினால் கதை வரிசை என்னத்துக்கு?

அப்புறம், ஜியோட்டோவுக்குத் துக்கம் வரையத் தெரியாதா? அதே வரிசையின் கடைசிக் கட்டம் ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொல்லுவது. அங்கே தாய்மார்களின் கன்னத்தில் கண்ணீர்க் கோடு போட்டிருக்கிறார். கீழே பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. கண்ணீர் வேண்டும் என்றால் கண்ணீரையே வரைகிற மனுஷன் அவர். பிறப்புக் காட்சியில் ஒரு சொட்டு இல்லை. நான் வெண்சுண்ணம் பக்கம்.


ஈரச்சுவர்

நான் சுவரோவியப் பராமரிப்பில் இருப்பவன், மதம் பற்றி அதிகம் தெரியாது. அந்த ‘வெள்ளை’ மேலாடை பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துப் பலரும் பெரிய பெரிய விளக்கம் எழுதுகிறார்கள்.

ஃப்ரெஸ்கோ என்றால் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்டுவது. சுண்ணாம்பு காய்கிறபோது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாகிறது, நிறம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுநூறு வருடம் நிற்கிறது. ஆனால் எல்லா நிறமும் இதற்கு ஒத்துவராது. காவி, மஞ்சட்காவி, மண் பச்சை எல்லாம் சரிப்படும். செம்புக் கனிமத்தை அரைத்து எடுக்கும் நீலம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. எனவே சுவர் காய்ந்த பிறகு, பசை கலந்து, மேலே பூசுவார்கள். அது சுவரோடு ஒன்றாவதில்லை. ஈரம் ஏறி இறங்க இறங்க உரிந்து விழும்.

மாதாவின் மேலாடைக்கு நடந்தது அதுதான். அங்கங்கே மடிப்பில் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்ற இடத்தில் அடிப்பூச்சைத்தான் பார்க்கிறோம். 1305இல் உள்ளே நுழைந்தவர் பார்த்தது அடர்ந்த நீலம். அந்தப் படத்திலேயே கனத்த நிறம் அதுவாகத்தான் இருந்திருக்கும். கோடித்துணி என்ற விளக்கம் சுவரில் ஏறிய ஈரத்தின் வேலை, ஜியோட்டோவின் வேலை அல்ல.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. நீலம் இருந்தபோது மாதாவின் உடல் ஒரே பெரிய இருண்ட திரளாக இருந்திருக்கும். அதிலிருந்து முகமும் கைகளும் மட்டும் வெளிச்சமாக வெளியே வந்திருக்கும். இப்போது உடல் வெளிறிப் பாறையோடு கலந்துவிட்டது. ஆக, இன்று நாம் ‘மெல்லிய சோகம்’ என்று சொல்வதில் எவ்வளவு ஓவியருடையது, எவ்வளவு உதிர்ந்த நீலத்துடையது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முகம் ஈரச் சுண்ணாம்பில் தீட்டியது, அது பெரும்பாலும் அவர் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. உணர்ச்சி பற்றிப் பேசுவதென்றால் முகம், கை, உடலின் திருப்பம் இவற்றை வைத்துப் பேசுங்கள். மேலாடையின் நிறத்தை வைத்துப் பேசாதீர்கள்.

நேரில் போகிறவர்களுக்கு: உள்ளே கால் மணி நேரம்தான் விடுவார்கள். அதற்கு முன் கால் மணி நேரம் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, நம் உடம்போடு வந்த ஈரமும் தூசும் அடங்க வேண்டும். ஒரு தடவைக்கு 25 பேர். தென்சுவரில்தான் ஆறு சன்னல்களும் இருக்கின்றன, அதனால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். பிறப்புக் காட்சியைப் பார்க்கச் சற்று நேரம் கண்ணைப் பழக்க வேண்டும். பலர் எதிர்ச்சுவரைப் பார்த்துவிட்டே வந்துவிடுகிறார்கள்.


நெல்லைச்சீமை

நான் சி.எஸ்.ஐ. பைபிளில் உள்ளது மட்டும்தான் எனக்குக் கணக்கு. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் முன்னணை (தீவனத் தொட்டி) இருக்கிறது, துணிகளில் சுற்றியது இருக்கிறது, மேய்ப்பர்கள் இருக்கிறார்கள். மாடு எங்கே? கழுதை எங்கே? அந்த இடது ஓரத்துப் பெண் யார்? மரியாள் தானே துணிகளில் சுற்றி, தானே முன்னணையில் கிடத்தினாள் என்றுதான் வசனம். கூட ஆள் இருந்ததாக இல்லை. யோசேப்பு தூங்கினதாகவும் இல்லை.

குறை சொல்லவில்லை. அடையாளம், குறியீடு என்று பேசுகிறோமே, எது வசனத்திலிருந்து வந்தது, எது ஓவியர் சேர்த்தது என்று யாராவது பிரித்துச் சொன்னால் நல்லது.


ரேகை

கல்லூரியில் கலை வரலாறு எடுக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நெல்லைச்சீமை ஐயா, மாடும் கழுதையும் ஏசாயா முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்திலிருந்து வருகின்றன. மாடு தன் எஜமானை அறியும், கழுதை முன்னணையை அறியும், இஸ்ரவேலோ அறியவில்லை என்கிற வசனம். அதைப் பிறப்புக் கதையோடு பழங்காலத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மத்தேயு பெயரில் வழங்கிய ஒரு திருமுறை சாராத, அதாவது பைபிளில் சேராத, நூலில் இரண்டும் குழந்தையை வணங்குகின்றன. அந்தப் பெண்ணும் திருமுறை சாராதவள்தான். யாக்கோபின் பெயரில் உள்ள பழைய நூலில் யோசேப்பு மருத்துவச்சியைத் தேடிப் போகிறார், பிறப்பு ஒரு குகையில் நடக்கிறது. பாறை அங்கிருந்து வந்தது. ஜியோட்டோ குகையைப் பாறையாகக் குறைத்து, முன்னால் மரக்கூரை போட்டுவிட்டார்.

இனி உணர்ச்சி விஷயம். ஜியோட்டோ எதைச் சேர்த்தார் என்பதைவிட எதை எடுத்தார் என்று பாருங்கள். பைசாந்தியப் படங்களில், அதாவது கீழைத் திருச்சபை மரபுப் படங்களில், மரியா நடுவில் படுத்திருப்பார், பெரும்பாலும் குழந்தைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கோ யோசனையாக. கீழே இரண்டு பெண்கள் அதே குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள். ஒரே படத்தில் குழந்தை இரண்டு தடவை வரும். நிக்கோலா பிசானோ 1260இல் பீசா திருமுழுக்கு மண்டபத்துப் பிரசங்கத் தொட்டியில் செதுக்கியதிலும் அதே குளியல் உண்டு. அங்கே மரியா ரோமச் சீமாட்டி போல நிமிர்ந்து சாய்ந்திருக்கிறார், யாரையும் பார்க்கவில்லை.

பதுவையில் குளியல் இல்லை. குழந்தை ஒன்றே ஒன்று. ஜியோட்டோ அந்த மரபையே வேண்டாம் என்றவரும் அல்ல, ஏனென்றால் சில வருடம் கழித்து அசிசியில் கீழ்க்கோவிலில் அவருடைய பட்டறை வரைந்த பிறப்புக் காட்சியில் குளியல் திரும்பி வருகிறது. ஆக, பதுவையில் அதை எடுத்தது தெரிந்தே செய்த தேர்வு. குளியல் இருந்தால் நம் கண் இரண்டு குழந்தைக்கும் நடுவே அலையும். அதை எடுத்ததும் பார்வைக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம்.

மற்றவர்களின் கண்களையும் பாருங்கள். யோசேப்பின் கண் மூடிக்கிடக்கிறது. இடையர்கள் அண்ணாந்து தூதர்களைப் பார்க்கிறார்கள், ஒருவர் நமக்கு முழு முதுகு காட்டி நிற்கிறார். தூதர்களில் சிலர் வானத்தை, ஒருவர் இடையர்களை. இத்தனை பேர் இருந்தும் யார் கண்ணும் யார் கண்ணையும் சந்திக்கவில்லை, தாயும் பிள்ளையும் மட்டும் சந்திக்கிறார்கள். படத்தின் உணர்ச்சி முழுவதும் அந்த ஒரு கோட்டில் தொங்குகிறது.

இந்தக் கோவிலில் ஜியோட்டோ இதையே பல இடத்தில் செய்கிறார். மேல் வரிசையில் பொன்வாசலில் மரியாவின் பெற்றோர் யோவாக்கிமும் அன்னாவும் முகத்தோடு முகம் முத்தமிடுகிறார்கள். பிறப்புக் காட்சிக்கு முந்தைய கட்டம், பீடத்து வளைவுச் சுவரில், மரியாவும் எலிசபெத்தும் சந்திப்பது. அங்கேயும் கண்ணுக்குள் கண். தென்சுவரின் கீழ் வரிசையில் யூதாஸ் முத்தம், அதுவும் நேருக்கு நேர். வடசுவரில், புலம்பல் காட்சியில், சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவை மரியா மடியில் தாங்கி முகத்தருகே குனிகிறார். பிறப்பில் இருந்த அதே நெருக்கம், அதே பார்வை. ஆனால் இந்தத் தடவை மகனின் கண் மூடியிருக்கிறது, பதில் வரவில்லை.

வெண்சுண்ணம் சொல்வதில் பாதி சரி என்பேன். பிறப்புக் காட்சியின் முகத்தில் துக்கம் இல்லை. ஆனால் ‘வெறும் கவனம்’ என்றும் விட முடியாது. புலம்பல் காட்சி அந்தப் பார்வையைக் கடன் வாங்கித்தான் நம்மை அழ வைக்கிறது.


தூத்துக்குடிமுத்து

ரேகை டீச்சர், நன்றி. மேலாடை விஷயத்தில் ஈரச்சுவர் சொன்னதுக்கு மேல் பேச ஒன்றும் இல்லை, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் சுற்றிய துணியை விடமாட்டேன்.

அதே நடு வரிசையில் வடசுவரில் இலாசரை உயிர்ப்பிக்கும் காட்சி இருக்கிறது. இலாசர் நிற்கிறார், உடம்பு முழுக்கத் துணிப்பட்டையால் சுற்றி. முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, பக்கத்தில் நிற்பவர்கள் நாற்றம் தாங்காமல் துணியால் மூக்கை மூடுகிறார்கள். ஒரே கோவிலுக்குள் சுற்றப்பட்ட குழந்தையையும் சுற்றப்பட்ட பிணத்தையும் வரைந்தவருக்கு இரண்டுக்கும் உள்ள உறவு தெரியாமலா இருந்திருக்கும்?

தீவனத் தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1223இல் புனித பிரான்சிஸ் கிரேச்சியோவில் முதன்முதலாகக் குடில் வைத்தபோது வைக்கோல், மாடு, கழுதை எல்லாம் உயிரோடு கொண்டுவந்தார், அந்தத் தீவனத் தொட்டியின் மேல்தான் திருப்பலி நடந்தது. டிசம்பர் வந்தால் நாம் வீட்டில் வைக்கோல் பரப்பி வைக்கிறோமே, அந்தக் குடிலுக்கும் மூலம் அதுதான். ஆக, தொட்டி என்றால் பீடம். பதுவையில் இந்தக் கட்டத்துக்கு நேர் கீழே, கீழ் வரிசையில், என்ன இருக்கிறது? இயேசு அப்பத்தைத் தன் உடல் என்று சீடர்களுக்குப் பிட்டுக் கொடுத்த இறுதி இராவுணவு. மேலே தொட்டியில் வைத்த உடல், கீழே மேசையில் பிட்ட உடல்.


கோடிவீட்டுக்காரன்

அண்ணே, குழந்தையைத் துணியில் சுற்றுவது அந்தக் காலத்து வழக்கம். வரைந்த எல்லாக் குழந்தையும் அப்படித்தான். அதற்கெல்லாம் கல்லறை அர்த்தம் சொன்னால் இத்தாலியில் ஒரு குழந்தைகூடத் தப்பாது.

இறுதி இராவுணவு கீழே வந்தது தற்செயலாக இருக்கலாம் இல்லையா? கதையை மூன்று வரிசையில் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார். ஏதோ ஒன்று ஏதோ ஒன்றுக்குக் கீழே வந்துதானே ஆகவேண்டும்?


வெண்சுண்ணம்

கோடி, தற்செயல் வாதம் எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்தக் கோவிலில் கொஞ்சம் சறுக்கும். வடசுவரில் காட்சிகளுக்கு நடுவே அலங்காரப் பட்டைகள் இருக்கின்றன, அவற்றில் சின்னச் சின்னதாகப் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள். இலாசர் உயிர்ப்புக்குப் பக்கத்தில் ஆதாமைப் படைப்பது. புலம்பலுக்குப் பக்கத்தில் யோனாவை மீன் விழுங்குவது. மூன்றாம் நாள் வெளியே வருவான் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். எது எதற்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பீடத்து வளைவையும் பாருங்கள். ஒருபக்கம் மரியாவும் எலிசபெத்தும், மறுபக்கம் யூதாஸ் பணப்பை வாங்குவது. கதை வரிசைப்படி இரண்டும் வெகுதூரம், ஆனால் எதிரெதிரே வைத்திருக்கிறார்கள். வட்டிக்காரக் குடும்பம் கட்டிய கோவிலில் பணப்பை அந்த இடத்தில் வருவது சும்மா இல்லை. (பக்கத்து மடத்துத் துறவிகள் 1305 சனவரியிலேயே ‘இவ்வளவு ஆடம்பரம் எதற்கு’ என்று புகார் கொடுத்தார்கள் என்பது கூடுதல் சுவாரசியம்.)

ஆகவே பிறப்புக்குக் கீழே இராவுணவு என்பதை நான் ஏற்கிறேன். குழந்தையின் துணியை மட்டும் அரைமனதாக. துணி வழக்கம், அதே துணியை இலாசரோடு ஒப்பிடலாம் என்பது கோவில் நமக்குக் கொடுக்கும் வாய்ப்பு. நான் முதலில் சொன்னதும் இதைத்தான்: துக்கம் சுவரின் அமைப்பில் இருக்கிறது. தனிப்படமாக வெட்டி வாழ்த்து அட்டையில் போட்டுவிட்டு, அந்த ஒற்றை முகத்துக்குள் இயேசுவின் முழுப் பாடுகளையும் தேடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.


நெல்லைச்சீமை

யோசேப்பைப் பற்றி யாரும் இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை. படத்தில் முன்னால் இருக்கிற ஆள் அவர்தான், அவர் முதுகுக்குப் பின்னால்தான் எல்லாம் நடக்கிறது. களைப்பா, சந்தேகமா?


ரேகை

ஐயா, கீழைப் படங்களில் அது சந்தேகம்தான். மத்தேயு முதல் அதிகாரத்தில் மரியாவை மறைவாக விலக்கிவிட நினைத்தாரே, அந்த யோசனை அப்படியே அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. சில படங்களில் எதிரே ஒரு கிழவன் நின்று அவரைக் குழப்புவான், அவனைச் சோதனைக்காரன், அதாவது சாத்தான், என்பார்கள்.

ஜியோட்டோ அந்தக் கிழவனைக் கொண்டுவரவில்லை. மஞ்சட்காவி ஆடைக்குள் சுருண்டு, கன்னத்தைக் கையில் வைத்து உட்காரவைத்துவிட்டார். தூக்கம் என்றே எனக்குப் படுகிறது. யோசேப்புக்குத் தூக்கம் என்பது சும்மா ஓய்வும் அல்ல, அவருக்குச் செய்தி வருவதெல்லாம் கனவில்தான். எகிப்துக்கு ஓடு என்று தூதர் சொல்வதும் கனவில். அதே சுவரில் மூன்று கட்டம் தள்ளி எகிப்துப் பயணம் இருக்கிறது, அங்கே யோசேப்பு முன்னால் நடந்துபோகிறார்.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். 1305இல் யோசேப்பு பக்தி அவ்வளவு வளரவில்லை. அவர் திருநாள் ரோம நாட்காட்டியில் ஏறியது 1479இல். அகில திருச்சபையின் காவலர் என்று அறிவித்தது 1870இல். இன்றைய கண்ணால் பார்த்து ‘பாவம், அவரை ஓரங்கட்டிவிட்டார்களே’ என்று வருத்தப்படுகிறோம். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த இடமே பெரிது.


தூத்துக்குடிமுத்து

எங்கள் வீட்டில் உறங்கும் சூசையப்பர் (யோசேப்புதான்) சுரூபம் இருக்கிறது. அடியில் சீட்டு எழுதி வைப்போம், தூக்கத்தில் தீர்த்துவைப்பார் என்று. போப் பிரான்சிஸ் 2015இல் மணிலாவில் இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசிய பிறகுதான் அம்மா வாங்கினார். இந்தப் படத்தில் அவரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் என்று தோன்றவே இல்லை, அதனால் டீச்சர் கட்சி.


மூன்றுபிள்ளைக்காரி

இத்தனை பேர் பேசியும் ஒருவர்கூடப் பேறுகாலம் பற்றிச் சொல்லவில்லையே!

மாதா பச்சை உடம்புக்காரி. பெற்ற உடனே அப்படி இடுப்பை முறுக்கித் திரும்புவது லேசான காரியம் இல்லை. நாங்கள் எல்லாம் குழந்தையைக் கொண்டுவந்து நெஞ்சில் போடுங்கள் என்போம். இங்கே அவர் தானே எட்டுகிறார். உடம்பு கனத்துப் படுக்கையில் கிடக்கிறது, தோளிலிருந்து மேலே மட்டும் முன்னால் போகிறது. முகத்தில் துக்கமா மகிழ்ச்சியா என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் முகத்தில் இரண்டும் இருக்காது. “எல்லாம் சரியாக இருக்கிறதா, மூச்சு விடுகிறதா, என்னைப் பார்க்கிறதா” என்கிற சரிபார்ப்புதான் இருக்கும். ஜியோட்டோ ஆண்தான், ஆனால் வீட்டில் யாரையோ நன்றாகப் பார்த்திருக்கிறார்.

ஒரு சந்தேகம் டீச்சர். பின்னால் வந்த படங்களில் மாதா முழங்கால் போட்டுக் குழந்தையை வணங்குவாரே, நம் குடில் சுரூபங்களும் அப்படித்தானே. அது எப்போது மாறியது?


ரேகை

அக்கா, அருமையாகச் சொன்னீர்கள். அந்த ‘சரிபார்ப்பு’ வெண்சுண்ணம் சொன்ன கவனத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது.

மாற்றத்துக்குப் பெரிய காரணம் சுவீடனின் புனித பிரிஜித். 1372இல் பெத்லகேமுக்குப் போனபோது கண்ட காட்சியில், மரியா முழங்காலிட்டு வேண்டும்போதே வலி இல்லாமல் குழந்தை பிறந்து தரையில் ஒளிவீசிக் கிடக்கிறது. அந்த விவரிப்பு பரவிய பிறகு படுக்கை போய்விட்டது, முழங்கால் வந்தது. படுத்திருக்கும் மரியா பெற்றெடுத்த பெண். முழங்காலிட்ட மரியா முதல் பக்தை. இரண்டிலும் குழந்தைக்கும் அவருக்கும் உள்ள தூரமே வேறு. ஜியோட்டோவின் படம் அந்த மாற்றத்துக்கு ஏறக்குறைய எழுபது வருடம் முந்தியது, அதனால்தான் தொட முடிகிற தூரத்தில் இருவரும் இருக்கிறார்கள்.


கோடிவீட்டுக்காரன்

சரி, கடைசியாக ஒரு கேள்வி, இதற்கு விடை கிடைத்தால் முகமும் புரியும் என்று தோன்றுகிறது. மரியா குழந்தையை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்குகிறாரா, அல்லது தொட்டியில் கிடத்துகிறாரா? சிலர் வாங்குகிறார் என்கிறார்கள், சிலர் கிடத்துகிறார் என்கிறார்கள். வாங்குவது என்றால் முத்து அண்ணனின் பீடம், பலி எல்லாம் அடிபட்டுப்போகும். கிடத்துவது என்றால் அவர் பக்கம் கொஞ்சம் பலம் சேரும்.


ஈரச்சுவர்

கைகளை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. இரண்டு பெண்களின் கையும் குழந்தையைத் தாங்குகின்றன, எடை எந்தப் பக்கம் போகிறது என்று ஓவியர் காட்டவில்லை. வேண்டுமென்றே அப்படி விட்டாரா என்பது வேறு விஷயம்.


வெண்சுண்ணம்

இரண்டு கட்டம் தள்ளி, கோவிலில் காணிக்கையாக்கும் காட்சியை ஒப்பிட்டுப் பாருங்கள் கோடி. குழந்தை சிமியோன் கையில் இருக்கிறது. மரியாவின் கைகள் இங்கே போலவே நீண்டிருக்கின்றன, வெறுங்கையாக. குழந்தை கிழவரிடமிருந்து தாயை நோக்கித் தாவுகிறது. அங்கே கொடுத்தாகிவிட்டது, சந்தேகமே இல்லை. பிறப்பில் அதே கைகள் நிரம்பியிருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் இங்கே வாங்குவதுதான் பொருத்தம்.


தூத்துக்குடிமுத்து

லூக்கா ‘கிடத்தினார்’ என்று எழுதியிருக்க, ஜியோட்டோ வாங்குவதை வரைந்தார் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தொட்டி அங்கேயே திறந்து கிடக்கிறதே.


மூன்றுபிள்ளைக்காரி

முத்து தம்பி, குழந்தையைக் கீழே விடும்போது நாங்கள் அதன் முகத்தைப் பார்க்க மாட்டோம். தலை எங்கே படுகிறது, கழுத்து மடங்குகிறதா என்று தொட்டிலைத்தான் பார்ப்போம். வாங்கும்போதுதான் கண் முகத்துக்குப் போகும். படத்தில் மாதாவின் கண் தொட்டிப் பக்கமே போகவில்லை. என் ஓட்டு வாங்குவதற்கு.